விண்டோஸ் 10 போட்டதும் சவுண்ட் டிரைவர் விழுகிறதா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

2010 முதல் 2013 வரை வந்த பல லேப்டாப்கள் விண்டோஸ் 7-இல் ஒழுங்காக ஓடியிருக்கும். விண்டோஸ் 10 ஏற்றியதும் சத்தம் போய்விடும், அல்லது வீடியோ ஓடும்போதே நீலத்திரை வந்து ரீஸ்டார்ட் ஆகும். 'சவுண்ட் ஐசி போச்சு' என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். அப்கிரேடுக்கு முந்தைய நாள் வரை பாடிய சிப் மறுநாள் செத்துப்போவது அரிது.

பழையதை அழிக்காமல் மேலேயே அப்கிரேடு செய்யும்போது, விண்டோஸ் 7-க்காக எழுதிய டிரைவரும் (சவுண்ட் சிப்பை இயக்கும் மென்பொருள்) கூடவே வந்துவிடுகிறது. ஐடிடி நிறுவனத்தின் சவுண்ட் சிப் உள்ள பழைய மாடல்களில் பெரும்பாலும் புது டிரைவரை எதிர்பார்க்க முடியாது. கோனெக்சன்ட் என்ற இன்னொரு சவுண்ட் சிப் நிறுவனத்தை 2017-இல் சினாப்டிக்ஸ் வாங்கியது. சில கோனெக்சன்ட் டிரைவர்கள் நீலத்திரை தந்ததால், 2020 மே மாதம் வந்த '2004' என்ற விண்டோஸ் 10 பதிப்பை அந்தக் கம்ப்யூட்டர்களுக்குத் தராமல் மைக்ரோசாஃப்ட்டே நிறுத்தி வைத்தது.

நீலத்திரை இல்லாமல் சத்தம் மட்டும் விட்டுவிட்டு நின்றால், டிரைவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டால்பி, டிடிஎஸ் மாதிரியான எஃபெக்ட்களைச் சந்தேகிக்கலாம். சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' பக்கத்தில் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

நீலத்திரை வந்தால் அதில் காட்டும் ஃபைல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டிகேவிஹெச்டி64 என்றால் ரியல்டெக், எஸ்டிடபிள்யூஆர்டி64 என்றால் ஐடிடி, சிஹெச்டிஆர்டி64 என்றால் கோனெக்சன்ட். வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் வந்தால், சவுண்டை நோண்டுவது வீண்.

டெஸ்க்டாப் வரைக்கும் வர முடியவில்லை என்றால், லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட் வரும். அங்கே சவுண்ட் டிரைவர் ஏறாது.

கழற்றும் வரிசை முக்கியம். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, முதலில் புரோகிராம்ஸ் பட்டியலில் உள்ள ரியல்டெக், ஐடிடி, ஸ்மார்ட் ஆடியோ மென்பொருளை நீக்குங்கள். சேஃப் மோடில் அது மறுத்தால் நேராக டிவைஸ் மேனேஜருக்குப் போய் சவுண்ட் டிவைஸை அன்இன்ஸ்டால் செய்யலாம். அப்போது 'டிலீட் தி டிரைவர் சாஃப்ட்வேர்' கட்டத்தில் டிக் போட வேண்டும். பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். டிக் இல்லாவிட்டால் டிரைவர் உள்ளேயே சேமிப்பில் இருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் அதே ஏறிவிடும். இன்னும் பழைய பதிப்பு தலைகாட்டினால் அதையும் இதே மாதிரி நீக்குங்கள். இன்டெல், என்விடியா பெயரில் இருப்பது பெரும்பாலும் ஹெச்டிஎம்ஐ சத்தம், அதைத் தொட வேண்டாம்.

கடைசியில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயர் வர வேண்டும். அதுதான் மைக்ரோசாஃப்ட்டின் பொது டிரைவர். தானாக வராவிட்டால் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மி பிக் என்று போய்க் கையால் தேர்ந்தெடுங்கள். எச்சரிக்கை வந்தால் 'யெஸ்' கொடுக்கலாம். இதில் சத்தம் சற்றுக் குறையலாம். சில மாடல்களில் ஹெட்போன் செருகினாலும் ஸ்பீக்கர் நிற்காது, உள்ளே இருக்கும் சப்வூஃபரும் பேசாது. விழாத டிரைவருக்கு இது நியாயமான விலைதான்.

நெட்டை இணைத்ததும் விண்டோஸ் அப்டேட் பழையதையே திரும்பக் கொண்டுவரும். அதற்கு முன்பே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஹார்டுவேர், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் போய் 'நோ' வையுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்' என்னும் இலவச மென்பொருள் பக்கமே போக வேண்டாம். தவறான மாடலின் டிரைவரை ஏற்றிவிட்டு விளம்பரத்தையும் கூடவே குடியேற்றுவது அவற்றின் வழக்கம்.

எதற்கும் மசியவில்லையா? பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) ஆன்போர்டு ஆடியோவை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு, ஒரு சாதாரண யூஎஸ்பி சவுண்ட் கார்டு செருகுங்கள். பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸில் உள்ள டிரைவரே போதும், சிடி எதுவும் வேண்டாம்.