கையெழுத்துக்கு மேலே நான்கு வெற்று வரிகள்

சென்ற மாதம் தணிக்கைக்கு வந்த ஒரு கோப்பு. ஏரிக்கரையில் மரக்கன்றுகள் நட்டு மூன்று ஆண்டுகள் பராமரிக்க ஓர் அமைப்புக்கு அரசு கொடுத்த மானியம். பணம் விடுவிக்கப்பட்டது மார்ச் 27. முழுத்தொகையும் செலவாகிவிட்டது என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் வந்தது மார்ச் 31. மூன்று ஆண்டுப் பணிக்கான பணம் நான்கு நாளில் எப்படித் தீரும் என்று கோப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கரைக்குப் போனேன். முட்டுக்குச்சிகள் வரிசை தப்பாமல் நின்றன. கட்டிய சணல்கூட அவிழவில்லை. நகத்தால் கீறிப் பார்த்த கன்றுகளில் பெரும்பாலானவற்றின் பட்டைக்குள் பச்சை இல்லை.

இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் ஏழாவது கோப்பு இது. பொறுமை போய்விட்டது.

மானியம் வழங்கிய அலுவலகத்தில் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "சான்றிதழ் வாங்கிவிட்டோம். தப்பு அந்த அமைப்பினுடையது." இல்லை ஐயா. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கடமைகளை வகுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் படியுங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தரப்படும் மானியத்தில், நிபந்தனைகள் நிறைவேறினவா என்று வழங்கிய அதிகாரி எந்த வழிமுறையில் தம்மைத் திருப்திப்படுத்திக்கொண்டார் என்பதையே தணிக்கை ஆராய வேண்டும் என்கிறது அது. அதாவது கேள்வி முதலில் உங்களிடம்தான். வாங்கியவர் ரசீது காட்டுவார். கொடுத்த நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

அந்தச் சான்றிதழிலேயே 'நான் செய்த சோதனைகள்' என்று எண் போட்டு ஐந்து வரிகள் விட்டிருந்தன. முதல் வரியில் "சரிபார்க்கப்பட்டது". மற்ற நான்கும் வெறுமை. கீழே கையெழுத்து, முத்திரை. கையெழுத்திட்ட அதிகாரி அந்தக் கரையைப் பார்த்ததே இல்லை என்று என்னிடமே சொன்னார்.

செலவும் பலனும் ஒன்றல்ல. காட்டு நிலம் வேறு பயனுக்குப் போனால் அதற்கு ஈடாகக் காடல்லாத நிலத்தைப் பெற்று மரம் வளர்ப்பது மாற்றுக் காடு வளர்ப்பு. அதைப் பற்றி 2013இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2006 முதல் 2012 வரை வர வேண்டிய ஏறத்தாழ 1,03,382 ஹெக்டேர் காடல்லாத நிலத்தில் கிடைத்தது 28,086 ஹெக்டேர்தான் என்று காட்டியது. பணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

மார்ச் மாத அவசரமும் தேவையற்றது. ஒருமுறை தரும் மானியத்துக்கு, நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் சான்றிதழ் தந்தால் போதும் என்கின்றன ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், 2017. மழைக்கு முன் பணம் கொடுங்கள். கோடை வாசலில் கொடுத்துவிட்டுக் கன்று காய்ந்ததென்று வருந்தாதீர்கள். தொகையைத் தவணையாகப் பிரியுங்கள். முதல் தவணையின் கன்றுகளை நேரில் எண்ணாமல் இரண்டாவதை விடுவிக்காதீர்கள். புகைப்படம் கேட்டால் இடக்குறியீடும் தேதியும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே படம் மூன்று கிராமங்களின் பெயரில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையாக உழைக்கும் சிறு அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டுப்போன கன்றுகளை மறைக்காதீர்கள். எத்தனை போயின, எப்போது மாற்றி நட்டீர்கள் என்று எழுதிவையுங்கள். நூற்றுக்கு நூறு பிழைத்தது என்ற அறிக்கையைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம்.

ஊர்க்காரர்களே, உங்கள் ஏரிக்கு மானியம் வந்திருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மானியத்தை அனுமதித்த ஒப்பளிப்பு ஆணையையும் களஆய்வு அறிக்கையையும் கேளுங்கள். ஆணையில் எத்தனை கன்றுகள் என்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் கரையில் நடந்து எண்ணிப் பாருங்கள்.