கவலைக் கிணறும் கல் ரயிலும்

பாலாற்று மணலில் காந்தத்தை விட்டு இழுத்தால், அதற்கு மீசை முளைத்த மாதிரி கருப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்த வேலூர்ப் பையன்கள் எல்லோருக்கும் இது தெரியும். அந்தப் பொடியின் பெயர் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். ஆற்றில் பொடியாகக் கிடைப்பது, திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கவுத்திமலையில் பாறையாகவே இருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலை வட ஆற்காட்டில்தானே இருந்தது? அந்த உரிமையில் அதை நம்ம ஊர் இரும்பு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இரும்புக் கல்லை வெட்டுவதைவிடப் பெரிய வேலை அதைச் சுமப்பது. கவுத்திமலை வகைக் கல்லில் இரும்பு மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் வெறும் சிலிக்கா, அதாவது மணல். வண்டி கட்டிக்கொண்டு மணலைச் சுமக்க யாருக்கு மனசு வரும்?

தண்டவாளம் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கும். சமதளத்தில், இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் உருளும்போது, ஒரு டன்னை நகர்த்த 2 அல்லது 3 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு போதும். மண் பாதையில் மாட்டு வண்டிக்கு இதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஆனால் மேடு வந்துவிட்டால் கதை மாறிவிடும். 100 அடிக்கு 1 அடி ஏறினாலே டன்னுக்கு 10 கிலோ கூடுதலாக இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட எஞ்சினுக்குத் தெரியும். ராயபுரத்திலிருந்து 1856 ஜூலையில் வாலாஜா ரோடு வரை வந்த முதல் ரயிலுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை, வழியெல்லாம் ஏறக்குறைய சமவெளி. ஜோலார்பேட்டை தாண்டிக் குப்பம் பக்கம் போகும் சரக்கு ரயிலைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

சுரங்கமோ மலைமேல் இருக்கும், உலையோ கீழே இருக்கும். இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷையரில் ரோஸ்டேல் என்ற பள்ளத்தாக்கில் இரும்புக் கல் வெட்டியவர்கள் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1861-இல் திறந்த அவர்களின் ரயில் பாதை மேட்டுநிலத்தின் மேலேயே சுற்றி வந்து, இங்கிள்பி என்ற இடத்தில் சட்டென்று கீழே விழும். சுமார் 1.3 கிலோமீட்டர் சரிவு. செங்குத்தான இடத்தில் 5 அடிக்கு 1 அடி இறக்கம். எந்த எஞ்சினும் அதில் சொந்தக் காலில் ஏறாது. எஞ்சினே இல்லாமல்தான் பெட்டிகள் அங்கே ஏறி இறங்கின.

எப்படி? கவலை இறைத்ததை, அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்ததைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். எங்கள் தாத்தா மாடுகளைச் சமதளத்தில் ஓட்டமாட்டார். கிணற்றடியிலிருந்து இறங்கிப் போகும் சரிவில்தான் ஓட்டுவார். மாடு இறங்கும்போது, வடத்தில் கட்டிய சால், அதாவது தண்ணீர் மொள்ளும் பாத்திரம், நிறைந்து மேலே வரும். வடத்தின் மேல் அவரும் ஏறி உட்கார்ந்துகொள்வார். மாட்டின் எடை, தாத்தாவின் எடை எல்லாம் சேர்ந்து தண்ணீரைத் தூக்கும். இங்கிள்பியில் மாட்டுக்குப் பதில் கல் ஏற்றிய பெட்டிகள், சாலுக்குப் பதில் காலிப் பெட்டிகள். உச்சியில் பெரிய உருளைகள், அவற்றில் சுற்றிய கம்பி வடம். கல் ஏற்றிய பெட்டிகள் இறங்கினால் காலிப் பெட்டிகள் தானாக மேலே வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: இறங்குவது 15 டன், ஏறுவது 5 டன் என்றால் வித்தியாசம் 10 டன். ஐந்துக்கு ஒன்று சரிவில் அதுவே 2 டன் இழுவிசை. உராய்வுக்குக் கொஞ்சம் போனாலும் மிச்சம் ஏராளம். ஆகவே அங்கே ஆள் வேண்டியது இழுப்பதற்கு அல்ல, பிரேக் பிடிப்பதற்கு. மேலே ஓடிய எஞ்சின்களையும் இதே வடத்தில் கட்டித்தான் ஏற்றினார்கள்.

இன்னொரு சூட்சுமமும் செய்தார்கள். கல்லை ரயிலில் ஏற்றும் முன்பே சூளையில் சுட்டார்கள். அந்தப் பக்கத்துக் கல்லில் இரும்பு கார்பனேட் உண்டு. சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, இரும்பு ஆக்சைடு மிஞ்சும். தூய இரும்பு கார்பனேட் 100 கிலோவைக் காற்றுபடச் சுட்டால் 69 கிலோதான் மிஞ்சும். ஈரமும் போய்விடும். ரயில் கூலி எடைக்கு என்பதால் அத்தனையும் மிச்சம். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் 1929-இல் அந்தப் பாதை மூடப்பட்டது. சூளைகளின் கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன.

நம் கவுத்திமலைக் கல்லிடம் இந்தச் சூளை வித்தை பலிக்காது. மேக்னடைட்டில் ஓட்டிவிட வாயு இல்லை, சிலிக்கா நெருப்புக்கு அசையாது. கல்லை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பை மட்டும் பொறுக்க வேண்டும். பாலாற்று மணலில் நாம் செய்த அதே விளையாட்டுதான், ஆலை அளவில். அப்படிப் பொறுக்கினால் அரைத்ததில் பாதியைப் போல மணல் குவியல் மலையடியிலேயே தங்கும். 2000-களில் வெட்டத் திட்டம் வந்தபோது சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றதற்கு, காட்டோடும் வயலோடும் இந்தக் குவியலையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்க்கிறேன். காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் தண்டவாளம் திருவண்ணாமலை வழியாகத்தான் ஓடுகிறது. கல் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை.