சோற்றில் கலந்த மாத்திரை

குடியை விடப் பண்ண, ஆளுக்குத் தெரியாமல் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தூளாக்கிச் சோற்றில் கலந்துவிடலாமா என்ற யோசனை, நொந்துபோன வீட்டாருக்கு எளிதில் வரும். கலக்கக்கூடாது. ஏனென்பது அந்த மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

கள்ளோ கசிப்போ, உள்ளே போன மதுவை ஈரல் முதலில் அசெற்றல்டிகைட் என்ற நச்சாக மாற்றும். பிறகு ஒரு நொதியம் அதைத் தீங்கற்றதாக்கும். டைசல்ஃபிராம் அந்த நொதியத்தை முடக்கிவிடும். குடித்து 10 முதல் 30 நிமிடத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரும். மோசமானால் இரத்த அழுத்தம் விழும், இதயத்துடிப்புக் குழம்பும், உயிரும் போகலாம். முடங்கிய நொதியம் மீளாது, உடல் புதிதாக உண்டாக்கவேண்டும். ஆகவே மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை ஆபத்து இருக்கும்.

இந்த மாத்திரை குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. குடித்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதுதான் ஆளைத் தடுக்கிறது. தெரியாதவர் வழக்கம்போலத் தவறணைக்குப் போவார். வழியில் மோட்டார் சைக்கிளோடு விழலாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தாலும், என்ன விழுங்கினார் என்று அவரால் சொல்லமுடியாது. மாரடைப்பா, நஞ்சுக் கசிப்பா என்று வைத்தியர் தடுமாறுவார். சம்மதம் கேட்பதை வெறும் மரியாதையாக நினைக்கிறோம். இங்கே அது மருந்தின் பாதி.

முறையாகக் கொடுப்பதென்றால் ஈரல், இதயம் பார்த்து, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணித்தியாலம் கழித்தே தொடங்குவார்கள். வழமையான அளவு நாளுக்கு 250 மில்லிகிராம். அரிஷ்டத்திலும் சில இருமல் பாணிகளிலும் மது உண்டென்று சொல்லியே கொடுக்கவேண்டும்.

சம்மதிக்காதவரை என்ன செய்வது? விட்டால்தான் உதவி என்று பேரம் பேசாமல், தீங்கைக் குறைக்கப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் குடிக்காமல் சாப்பாடு, வைத்தியர் சொன்னால் தயமின் (விற்றமின் B1) மாத்திரை, குடித்த நாளில் வாகனத் திறப்பு வீட்டாரிடம்.

நாள்தோறும் அதிகம் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மதுவுக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, அது திடீரென இல்லாமற்போனதும் கட்டுமீறிக் கொதிக்கும்: கைநடுக்கம், 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும். நிறுத்த விரும்பினால் முதலில் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதையும் வைக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.