பூங்காவுக்குள் வேட்டையை அனுமதிப்பது எதற்காக?

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பூங்கா, "மான் எண்ணிக்கையைக் குறைக்க இரண்டு நாள் பூங்கா மூடப்படும், உரிமம் உள்ள வேட்டைக்காரர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று அறிவித்தால் போதும், அலுவலகத் தொலைபேசி ஓயாது. பாதிப் பேர் "விலங்குகளைக் காப்பாற்றத்தானே பூங்கா வைத்திருக்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வருவார்கள். மீதிப் பேர் "எனக்கு இடம் கிடைக்குமா?" என்பார்கள். வனவிலங்கு மேலாண்மையில் இருக்கும் நாங்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் போவதற்கு முன் காட்டுத் தரையைத்தான் பார்ப்போம். அங்கே என்ன முளைக்கிறது, எது முளைத்தும் வளர மாட்டேன் என்கிறது?

மான் பெருகிப்போன காடு முதல் பார்வைக்கு அழகாகவே இருக்கும். புதர் இல்லை, நடக்க வசதி, வெகு தூரம் தெரியும். வருகிறவர்கள் மகிழ்ந்து படம் எடுப்பார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால், இலைகள் எல்லாம் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரே மட்டமாகத் தொடங்குவது தெரியும். அதற்குக் கீழே, வெள்ளைவால் மானின் வாய்க்கு எட்டியது எல்லாம் காலி. பெரிய ஓக் மரத்தடியில் குனிந்து தேடினால் முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூடத் தேறாது. தப்பிப் பிழைத்த ஒரு குச்சியின் நுனியைப் பிடித்துப் பாருங்கள். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, பிடித்து இழுத்துத்தான் பிய்க்கும். அதனால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். யார் தின்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இதை உறுதிப்படுத்த, காட்டுக்குள் சிறு சிறு இடங்களை மான் நுழையாதபடி வேலி போட்டு அடைத்து வைப்போம். சில ஆண்டுகள் போனால் வேலிக்கு உள்ளே மூன்று இதழ் கொண்ட ட்ரில்லியம் என்ற காட்டுப்பூ பூக்கும், ஓக் கன்றுகள் தலைதூக்கும். வெளியே மான் விரும்பாத பெரணிச் செடி மட்டும் பரந்து கிடக்கும். ஒரே மண், ஒரே மழை. எந்த விளக்கத்துக்கும் மசியாதவர்களை அந்த வேலிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினால் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

மான் இப்படிப் பெருக நாமே வழி செய்து வைத்திருக்கிறோம். ஓநாயையும் பூமாவையும் பல இடங்களில் ஒழித்தோம். பூங்காவைச் சுற்றி வயலும் தோட்டமும் தீனி போடுகின்றன. பூங்காவுக்குள் துப்பாக்கிச் சத்தம் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிசர்வ் என்ற வேலியிட்ட நிலத்தில் 1928-இல் ஆறு மான்களை விட்டார்கள். 1933-இல் எண்ணியபோது 160 இருந்தன. நல்ல தீனி கிடைத்தால் பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதில் ஆச்சரியம் இல்லை.

சரி, குறைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யார் சுடுவது? இந்தச் சண்டை பழையது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எல்க் என்ற பெரிய மான்கள் மிஞ்சிப்போய், 1961-62 குளிர்காலத்தில் பூங்கா ஊழியர்களே நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. வேட்டைக்காரர்களோ "அந்த வேலையை எங்களிடம் கொடுங்கள்" என்றார்கள். வனவிலங்கு ஆய்வாளர் ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையில் 1963-இல் வந்த அறிக்கை, தேவையான இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் அது பயிற்சி பெற்ற ஊழியர்களின் பொறுப்பில் நடக்கட்டும், தேசியப் பூங்காவில் பொழுதுபோக்கு வேட்டை கூடாது என்றது. பக்கத்திலேயே இருக்கும் கிராண்ட் டீட்டனில் கதை வேறு. அந்தப் பூங்காவை விரிவாக்கிய 1950-ஆம் ஆண்டுச் சட்டமே, தேவைப்படும் ஆண்டுகளில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களைத் தற்காலிகக் காவலர்களாக நியமித்து எல்க் மான்களைக் குறைக்க வழிவிட்டது. அங்கே ஈயத் தோட்டா கூடாது, கரடியை விரட்டும் ஸ்பிரே கையில் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஏழு தோட்டாவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. ஜாலியாக வேட்டைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் தொல்லையாகத்தான் தோன்றும். தோன்றட்டும்.

இரண்டு தேசியப் பூங்காக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வடக்கு டகோடாவில் உள்ள தியோடர் ரூஸ்வெல்ட் பூங்காவில் 2010-இல் தன்னார்வலர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் பூங்கா ஊழியரையே தலைவராகப் போட்டார்கள். பெண் எல்க் மான்கள்தான் முக்கிய இலக்கு. முதல் பருவத்திலேயே 400-க்கும் மேற்பட்டவை குறைந்தன. கறி தன்னார்வலர்களுக்கும் உணவு உதவி அமைப்புகளுக்கும் போனது. கிராண்ட் கேன்யன் வடக்கு விளிம்பில் 2021-இல் பைசன் என்ற பெரிய காட்டு மாடுகளுக்காக இதே மாதிரி அழைப்பு விட்டார்கள். 45,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், குலுக்கலில் தொடங்கிய தேர்வு 12 பேரில் முடிந்தது, கடைசியில் விழுந்தவை நான்கு பைசன்கள். உயரமான மலைக்காட்டில் நடந்தே போய், சுட்டதை வண்டியில்லாமல் சுமந்து வர வேண்டும். பைசனும் ஏமாளி இல்லை, சத்தம் கேட்டதும் இடம் மாறிவிடும். அங்கே எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைத்தது, உயிரோடு பிடித்துப் பழங்குடி மக்களின் மந்தைகளுக்கு அனுப்பிய வேலைதான். செய்தித்தாளில் இடம் பிடித்தது என்னவோ குலுக்கல்.

வேட்டைக்காரர்களோடு நான் அதிகம் வாதாடுவது கொம்பைப் பற்றித்தான். பெரிய கொம்பு வைத்த ஆண் மானைச் சுட எல்லோருக்கும் ஆசை. ஆண் மான்களில் பாதியைச் சுட்டாலும் அடுத்த கோடையில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. மிஞ்சிய ஆண்களே போதும். பெண் மானைக் குறைக்காமல் எண்ணிக்கை இறங்காது. அதனால்தான் சில இடங்களில், முதலில் ஒரு பெண் மானைச் சுட்டுக் காட்டினால்தான் ஆண் மானுக்கு அனுமதி என்ற விதி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த விதி. ஒரு பூங்கா வேட்டை அறிவிப்பில் கொம்புக்கு முன்னுரிமை இருந்தால், அதை மேலாண்மை என்று சொல்லி எங்களை ஏமாற்ற வேண்டாம்.

அப்புறம், ஒரே ஆண்டில் முடிகிற காரியம் இது இல்லை. முதல் ஆண்டு மான்கள் மனிதரைக் கண்டு நின்று பார்க்கும், எளிதாக விழும். அடுத்த ஆண்டு உஷாராகிவிடும். எண்ணிக்கை குறையக் குறைய, ஒரு மானுக்காகக் காத்திருக்கும் நேரம் கூடும், ஆர்வலர்களுக்குச் சலிப்பு வரும். காடு மீள இன்னும் கொஞ்சம் குறைய வேண்டிய கட்டத்தில்தான் ஆள் வருவது நிற்கும். பொது வேட்டையின் உண்மையான பலவீனம் இதுதான் என்று நினைக்கிறேன். இண்டியானாவில் பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்காவில் 1993-இல் தொடங்கிய குறைப்பு, அப்புறம் பல மாநிலப் பூங்காக்களுக்கும் பரவியது. எந்தப் பூங்காவுக்கு இந்த ஆண்டு தேவை என்பதைத் தாவரங்களின் நிலையைப் பார்த்து அங்கே முடிவு செய்கிறார்கள். செடி தேறிவிட்டால் அந்த ஆண்டு வேட்டை இல்லை. இந்த ஒழுங்கு இருந்தால் நான் ஆதரிப்பேன்.

நகரத்துக்கு நடுவே இருக்கும் பூங்காவில் இது சரிப்படாது. வாஷிங்டனின் ராக் கிரீக் பூங்காவில் 2013-இலிருந்து பயிற்சி பெற்ற துப்பாக்கி வல்லுநர்கள்தான் குளிர்கால இரவுகளில், பூங்கா மூடியிருக்கும் நேரத்தில் சுடுகிறார்கள். கறி தானமாகப் போகிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா இன்னும் ஒரு படி மேலே போனது. 1974-இல் மக்கள் வாக்களித்துப் பொழுதுபோக்கு வேட்டையையே தடை செய்தார்கள். காட்டுப்பன்றி அதிகமானால் அரசு ஊழியர்களே சுடுகிறார்கள். செலவு மக்கள் வரிப்பணத்தில். அது அவர்களுக்குச் சம்மதம்.

"கருத்தடை ஊசி போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. போடலாம், வேலியிட்ட சிறு இடங்களில், ஒவ்வொரு மானையும் தேடிப் பிடித்து மறுபடி மறுபடி போட முடிந்தால். ஆனால் ஊசி போட்ட மான் பல ஆண்டு உயிரோடு இருந்து தின்றுகொண்டேதான் இருக்கும். ஓநாயைத் திரும்பக் கொண்டுவருவது என் மனதுக்கு நெருக்கமான வழி. 1995, 1996 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துக் கனடாவிலிருந்து 31 ஓநாய்களை யெல்லோஸ்டோனில் விட்டார்கள். அந்த அளவு இடம் எத்தனை பூங்காக்களுக்கு இருக்கிறது?

உங்கள் பக்கத்துப் பூங்காவில் வேட்டை அறிவித்தால் மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: தாவரக் கணக்கெடுப்பு, எத்தனை பெண் மான் குறைக்கப் போகிறார்கள் என்ற இலக்கு, எந்த நிலையில் நிறுத்துவார்கள் என்ற வரையறை. நீங்களே வேட்டைக்குப் போகிறவர் என்றால் செம்புத் தோட்டா எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் உடலுக்குள் பொடிப்பொடியாகச் சிதறும். காட்டிலேயே விட்டு வரும் குடலைத் தின்ன வரும் கழுகுக்கு அது விஷம், கறியோடு உங்கள் வீட்டுத் தட்டுக்கும் வரும். மான்களைத் தாக்கும் மூளை அரிப்பு நோய் (CWD) முதலில் 1967-இல் கொலராடோவில் தென்பட்டது, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. மருந்து கிடையாது. இந்த நோயை உண்டாக்குவது பிரியான் என்ற உருக்குலைந்த புரதம், கறியைச் சமைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோய் உள்ள பகுதியில் சுட்ட மானின் தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தனியாகப் பெயர் எழுதி உறையவையுங்கள். நோய் இருப்பதாக முடிவு வந்தால் சாப்பிட வேண்டாம்.