மூங்கிலைத் துளைக்காதீர்கள்: பந்தல் அமைப்போர் கவனத்துக்கு

காரைக்குடி வட்டாரத்தில் மாசி தொடங்கி வைகாசி வரை ஊருக்கு ஊர் திருவிழாதான். கட்டமைப்புப் பொறியாளராக நான் வரைந்து தரும் பந்தல்களில் இரும்புச் சட்டமும் மூங்கிலும் சேர்ந்தவை இப்போது கூடிவருகின்றன. 3 மீட்டர் அளவுச் சட்டங்களைப் பட்டறையிலேயே செய்துவைத்துக்கொண்டால், தேர் வரும் வீதியில் முந்தைய இரவே கழற்றி வண்டியில் ஏற்றி, அதே சட்டங்களை அடுத்த ஊர் விழாவுக்குக் கொண்டுபோகலாம். இம்முறை பரவ வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆகவேதான் அதில் நேரும் ஒரு தவற்றை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அம்மன் கோயில் பந்தலைப் பார்க்க என்னை அழைத்தார்கள். இரும்புத் தகட்டுடன் மூங்கிலைச் சேர்க்க, கணுக்களுக்கு நடுவில் துளையிட்டு ஒரே போல்ட்டை இறுக முறுக்கியிருந்தார்கள். போல்ட்டிலிருந்து நுனி வரை மயிரிழைபோல ஒரு கீறல். விரலை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது. அதன் கீழே பெண்கள் முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நகர்த்திவிட்டு, அந்த வரிசையை உடனே கழற்றச் சொன்னேன்.

கணுக்களுக்கு இடையே மூங்கிலின் நார்கள் நீளவாக்கில் மட்டுமே ஓடுவதால், இழுவையைத் தாங்கும் அதே தண்டு, துளையில் போல்ட் அழுத்தும்போது விறகைப் போலப் பிளக்கிறது. எனவே என் வரைபடங்களில் மூங்கிலுக்குத் துளையே கிடையாது. நுனியில் ஒரு கணு நிற்கும்படி வெட்டி, உட்புறம் ரப்பர் ஒட்டிய இரண்டு அரைவட்ட இரும்புப் பட்டைகளால் அதைக் கவ்வி, போல்ட்டைப் பட்டைகளின் ஓரத்தில் நீட்டிய காதுகளில் மட்டும் போடுகிறோம். தண்டுக்குத் தண்டு பருமன் மாறுவதையும் இந்தப் பட்டையே ஏற்றுக்கொள்கிறது. உள்ளே பொள்ளல் குறைந்த கல் மூங்கிலே இதற்கு ஏற்றது. மூன்று வயதுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் வண்டு துளைக்காது, ஆனால் மழையில் நனைந்தால் அம்மருந்து கரைந்துவிடும் என்பதால் மூங்கிலைக் கூரை மேலிருந்து மூடியிருக்க வேண்டும்.

பந்தல் விழுவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு, அது மேலே பறப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கோடைமழைக்கு முன் வரும் சூறைக்காற்று விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அடித்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 55 கிலோ அழுத்தம் உண்டாகும். அதே அளவில் தூக்கினால் 6க்கு 6 மீட்டர் கூரையை இழுக்கும் விசை 2 டன்னை நெருங்கும். நம் பக்கத்துச் செம்புறாங்கல் தரையில் முளைக்கம்பி ஆழமாக இறங்காது. ஆகவே கால்களின் அடித்தகட்டில் மணல் மூட்டையோ கான்கிரீட் கட்டையோ கணக்கிட்டு வைத்தே ஆக வேண்டும். மூங்கில் கட்டமைப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 15912 இருக்கிறது; காற்றுக்கு ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. பந்தல் தற்காலிகமானது என்பதால் கணக்கைத் தள்ளிவிடலாகாது.

கட்டி முடித்த பின்னும் வேலை இருக்கிறது. மூங்கில் காயக் காயச் சுருங்கும், பட்டை தளரும். காப்புக் கட்டிய மூன்றாம் நாள் காலையில், கூட்டம் சேருமுன், ஸ்பேனருடன் ஓர் ஆளை ஏற்றி ஒவ்வொரு நட்டையும் மீண்டும் முறுக்கச் சொல்லுங்கள்.