சொல் விளக்கம்: கன்சார்டியம்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் 'இன்ன கன்சார்டியம்' என்று போட்டிருப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். பல பல்கலைக்கழகங்கள் தனித்தனி நிறுவனங்களாகவே இருந்துகொண்டு, ஒரே நோக்கத்துக்காக ஆள், பணம், கருவி, தரவு ஆகியவற்றைச் சேர்த்து வேலை செய்யும் ஏற்பாடு இது. புரிந்துணர்வு ஒப்பந்தம் இதற்கு முந்தைய படி. பெரும்பாலும் சேர்ந்து செய்யலாம் என்ற விருப்பத்தோடு அது நின்றுவிடும். நல்ல கன்சார்டியத்தில் யார் எதைச் செய்வது, இரத்த மாதிரிகளை எங்கே வைப்பது, முடிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதப்பட்டிருக்கும்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'கோன்' என்றால் உடன். 'சோர்ஸ்' என்றால் சீட்டுக் குலுக்கலில் ஒருவருக்கு விழும் பங்கு. விதி என்ற பொருளும் அதற்கு உண்டு. பங்கில் உடன் நிற்பவர் 'கோன்சோர்ஸ்'. அவர்களின் கூட்டு 'கோன்சோர்டியம்'. பழைய ரோமானியச் சட்டத்தில், தந்தை இறந்தபின் பிள்ளைகள் சொத்தைப் பாகம் பிரிக்காமல் சேர்ந்து வைத்திருப்பதற்கு இந்தப் பெயர் இருந்தது. தமிழில் 'பங்காளி' என்ற சொல்லும் குடும்பச் சொத்தின் பங்கிலிருந்துதான் பிறந்தது.

இந்தப் 'பங்கு' வெறும் பழங்கதையாகிவிடவில்லை. மனிதனின் டி.என்.ஏ. வரிசை முழுவதையும் படிக்க 1990இல் தொடங்கிய மனித மரபணுத்தொகைத் திட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா என 6 நாடுகளின் 20 மையங்கள் வேலையைப் பாகம் பிரித்துக்கொண்டன. பிரிட்டனின் சாங்கர் மையம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. 1999இல் சேர்ந்த சீனா, 3ஆம் குரோமோசோமின் ஒரு நுனியை, அதாவது மொத்தத்தில் சுமார் 1 சதவீதத்தை ஏற்றது. வேலையைத்தான் பிரித்தார்கள், விளைச்சலைப் பிரிக்கவில்லை. படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1996இல் பெர்முடாவில் முடிவெடுத்திருந்தார்கள்.

மருத்துவக் கல்வியில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கென்யாவின் எல்டோரெட் நகரத்து ஆம்பாத் (AMPATH) என்ற பல்கலைக்கழகக் கூட்டு. 1989இல் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் தொடங்கிய உறவு அது. அப்புறம் பிரவுன், டியூக், டொரான்டோ போன்றவையும் சேர்ந்தன. அங்கே மாணவர்கள் இரு திசையிலும் போய்வருகிறார்கள். நோயாளர் பராமரிப்பு, கற்பித்தல், ஆய்வு மூன்றும் ஒரே இடத்தில் நடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து மாதிரியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டு, கட்டுரையில் உள்ளூர் ஆய்வாளர் பெயரைக்கூடப் போடாத 'ஹெலிகாப்டர் ஆய்வு' கன்சார்டியம் என்ற பெயருக்கே பொருந்தாது. பங்கு இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'கூட்டமைப்பு' பரவலாகப் புழங்குகிறது, யாருக்கும் புரியும். ஆனால் வணிகர் சங்கங்களின் கூட்டமைப்புக்கும் அதே சொல்தான். பங்கு என்ற கருத்து அதில் தெரிவதில்லை. பங்காளி என்றே எழுதினால் சண்டைதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'பங்காளர் கூட்டமைப்பு' என்றும், பெயர்களில் சுருக்கமாக 'உயிர்மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு', 'மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு' என்றும் எழுதலாம் என்பேன்.

நுண்ணுயிரியலில் கன்சார்டியம் என்றால் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்களின் தொகுதி. அங்கே 'நுண்ணுயிர்க் கூட்டம்' போதும்.