கழிவறையில் கொட்டும் மாத்திரை எங்கே போகிறது?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் பலவற்றில் இப்போது வயதானவர்கள்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஆச்சிக்கு மூட்டுவலி, அப்பச்சிக்குச் சர்க்கரை என்று டப்பா நிறைய மாத்திரை. தேதி முடிந்ததைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். "அதான் சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்றீங்களே தம்பி?" என்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கும் என்னிடமே கேட்கிறார்கள்.

சுத்தம் பண்ணுகிறோம், ஆனால் எல்லா மருந்தையும் இல்லை. நிலையத்தில் வேலை செய்வது பாக்டீரியா. மலத்தையும் சாப்பாட்டுக் கழிவையும் தின்று தீர்த்துவிடும், தண்ணீரில் இன்னும் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று காட்டும் பிஓடி அளவும் விதிப்படி வந்துவிடும். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபினோ கிட்டத்தட்ட உள்ளே வந்தபடியே வெளியே போகும், வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கிலும் பெரும்பகுதி தப்பிவிடும். வழக்கமான சோதனைகளில் இது தெரியவே தெரியாது.

துளி அளவுதானே என்று விடவும் முடியாது. கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்கள் பெண் தன்மைக்கு மாறி, ஒரு சிறு மீன் இனமே அங்கே ஏறக்குறைய அற்றுப்போனது. நம் ஊருணிகளில் சாக்கடை கலப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஓசோன் செலுத்தி மருந்தைச் சிதைக்கலாம், ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் தனிவகைக் கரியில் ஒட்டவைத்துப் பிரிக்கலாம். குறிப்பிட்ட பெரிய நிலையங்கள் இப்படி 80 சதவீதம் நீக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டமே இருக்கிறது. மின்சாரம் செலுத்தி மருந்தைச் சிதைக்கும் மின்வேதியியல் முறையும் உண்டு, அந்தத் துறைக்கான ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் கரண்ட் செலவு, கரிச் செலவு, அதற்கு முன்னால் தண்ணீர் நன்றாகச் சுத்தமாகியிருக்கவும் வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சாப்பிட்ட மருந்து சிறுநீரில் வருவதைத் தடுக்க முடியாது, கொட்டுவதை நிறுத்தலாம். 2016 திடக்கழிவு விதிகளே காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்றுதான் சொல்லியிருந்தன. தனியாகக் கட்டி, இன்னது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். மார்ஃபின் போன்ற கடும் வலி மருந்து மிஞ்சினால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். அப்புறம் அந்த மூட்டுவலி ஜெல்: டைக்ளோஃபெனாக் ஜெல்லில் உடம்புக்குள் போவது சுமார் 6 சதவீதம்தான், மீதி குளிக்கும்போதும் கை கழுவும்போதும் சாக்கடைக்குப் போகிறது. தடவியதும் விரலைப் பழைய காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு கழுவுங்கள்.